கரைத் துளைக்கு வந்த விதைநிதி

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆரம்பத்தில் காடுதான் பெரிது, பல்கலைக்கழகம் சிறிது. துறைகள் கூடக் கூட, காடு வளாகத்தின் ஒரு மூலையில் அடங்கிப்போய்விட்டது. மொத்தம் இருபத்தேழு துறைகள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மரம், ஒரு தலைவர், ஒரு பூட்டு உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

வளாகத்தின் கிழக்கே ஒரு குளம் இருந்தது. குளத்துத் தண்ணீர் நீரியல் துறையைச் சேர்ந்தது. கரை மண்ணியல் துறையைச் சேர்ந்தது. கரைமேல் நடைபயிற்சி போகிறவர்கள் உடற்கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள். இந்த எல்லைகளை யாரும் மீறியதில்லை. ஒருமுறை ஒரு மீன் துள்ளிக் கரையில் விழுந்துவிட்டது. அதைத் திருப்பித் தண்ணீரில் விடவேண்டியது யார் என்று இரண்டு துறைகளும் கடிதம் எழுதிக்கொண்டன. மூன்றாவது கடிதத்துக்குள் மீன் கருவாடாகி மனையியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

நீரியல் துறையில் இருந்தது ஒரே ஒரு ஆசிரியர். குமுதவல்லி என்ற தவளை, உதவிப் பேராசிரியர். மற்ற நான்கு இடங்களும் பத்து வருஷமாக விரைவில் நிரப்பப்பட இருந்தன. பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, ஆண்டறிக்கையில் ‘எங்கள் ஆசிரியர் குழு’ என்று எழுதுவது எல்லாமே குமுதவல்லிதான். அதற்கு அந்த வருஷம் கார்த்திகை மழையில் பிள்ளைகள் பிறந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள். அத்தனைக்கும் பெயர் வைத்துவிட்டது. அடையாளம்தான் தெரியாது.

தலைப்பிரட்டை தவளையாக நாற்பது நாள் ஆகும். முதலில் பின்னங்கால் வரும். கடைசியில் கை வரும். கை வந்துவிட்டால் கரையேறி எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அதுவரை தண்ணீரை விட்டால் கதி இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் குமுதவல்லி அளவுகோலைப் பார்த்தது. தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. ஆறாம் நாளும் நான்கு விரற்கடை. வெயில் இல்லை, காற்று இல்லை, மாடு வந்து குடிக்கவும் இல்லை. இப்படியே போனால் இன்னும் இருபது நாளில் குளத்தில் செருப்புப் போட்டு நடக்கலாம். பிள்ளைகளுக்கோ வாலைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

நீங்களும் நானுமாக இருந்தால் கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருப்போம். குமுதவல்லி படித்த தவளை. கரை வேறு துறை. கரைக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்பது அதன் பாடத்திட்டத்தில் இல்லை. பதினோரு வருஷம் அந்தக் குளத்தில் ஆராய்ச்சி செய்தும் ஒருநாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆகவே தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முறையான ஆய்வுத் திட்டம் ஒன்று வேண்டும் என்று அது முடிவுசெய்தது.

அந்த வாரம்தான் நிர்வாகக் கட்டடத்து வேப்பமரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். பல்துறை ஆய்வுகளைத் தொடங்கிவைக்கப் பணம் கொடுக்கும் விதைநிதி. பெயரைப் பார்த்துவிட்டு அணில்கள் சாக்கோடு வந்து வரிசையில் நின்றன. அவற்றுக்கு விளக்கம் சொல்லி அனுப்புவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. நிபந்தனைகள் மூன்றுதான். குறைந்தது மூன்று துறைகள் சேர வேண்டும். மூன்றும் வேறு வேறு புலமாக இருக்க வேண்டும். இதற்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசியிராதவர்களுக்கு முன்னுரிமை. அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சுலபமாகப் பூர்த்திசெய்யக்கூடிய நிபந்தனை அந்த மூன்றாவதுதான்.

ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராக மாசிலாமணி என்ற ஓணான் இருந்தது. கரையைத் தொடுவதற்கும் தனியாக அனுமதி வேண்டுமா, இந்தத் திட்டத்திலேயே அடங்கிவிடுமா என்று குமுதவல்லி அதனிடம் கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது. மாசிலாமணியிடம் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்துவலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். குமுதவல்லி படிவத்தை மூன்று நகல் வாங்கிக்கொண்டு கூட்டாளி தேடப் புறப்பட்டது.

மண்ணியல் துறையில் ஏகாம்பரம் என்று ஒரு மண்புழு இருந்தது. அதன் வீடு குளத்தங்கரைக்குள்ளேயே, குமுதவல்லி உட்காரும் கல்லிலிருந்து மூன்று சாண் தள்ளி. சொந்தபந்தம் எல்லாம் கரைக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளியில் இருந்தன. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தும் இரண்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“உங்க சத்தம் தினமும் கேக்கும் மேடம்,” என்றது ஏகாம்பரம். “மழைக்காலத்துல கேட்டுக்கிட்டேதான் வேலை பார்ப்பேன்.”

இத்தனை வருஷத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் தன்னிடம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது குமுதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. விஷயத்தைச் சொன்னது. ஏகாம்பரம் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டது, எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டது, உடனே சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டது.

மூன்றாவது துறைக்கு நுண்கலைத் துறை மயில் பேராசிரியர் சிகாமணி கிடைத்தது. தண்ணீர் இறங்குவதற்கும் நாட்டியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குமுதவல்லி தயங்கித் தயங்கிக் கேட்டது. சம்பந்தம் இருந்தால் அது எப்படிப் பல்துறை ஆகும் என்று மயில் திருப்பிக் கேட்டது. குமுதவல்லி படிவத்தில் மயிலின் பெயரை எழுதிக்கொண்டது.

படிவத்தில் ஏழாம் பகுதி வரை எல்லாம் சரியாகப் போயிற்று. ஏழாம் பகுதியின் தலைப்பு ‘இத்திட்டத்தின் முடிவுகள்’. ஆய்வைத் தொடங்குவதற்குத்தானே நிதி கேட்கிறோம், முடிவை இப்போதே எப்படி எழுதுவது என்று குமுதவல்லி குழம்பியது. ஏகாம்பரம் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நடை போய் வந்துவிடுகிறேன் என்று கரைக்குள் இறங்கியது. அரைமணி நேரத்தில் திரும்பி வந்தது.

“கரைக்குள்ள ஒரு வளை இருக்கு மேடம். இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் புல்வெளியில ஒரு வாய். தண்ணி அது வழியாத்தான் போகுது. உள்ள ஆள் இருக்கார்.”

“யாரு?”

“கட்டடவியல் துறைத் தலைவர். நல்ல மரியாதையான மனுஷர். டீ சாப்பிடறீங்களான்னு கேட்டார்.”

கட்டடவியல் துறைத் தலைவர் என்பது பேராசிரியர் கற்கடேசன் என்ற நண்டு. வளை தோண்டுவதில் முப்பது வருஷ அனுபவம். இந்த வளையையும் காற்றோட்டத்துக்காக இரண்டு பக்கமும் வாசல் வைத்துத் தோண்டியிருந்தது. ஒரு வாசலை அடைத்தால் போதும், இரண்டு பிடி களிமண் ஆகும் என்று ஏகாம்பரம் சொன்னது. குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதே போய் அடைத்திருக்கலாம். ஆனால் அனுமதி ஆணை வருவதற்கு முன் தொடங்கிய வேலை எதற்கும் அனுமதி கிடையாது என்று படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஆகவே, கண்டதைக் கண்டபடி ஏழாம் பகுதியில் எழுதியது. தண்ணீர் வளை வழியாகப் போகிறது, களிமண்ணால் அடைத்தால் நிற்கும், இரண்டு பிடி. இப்படி உண்மையை எழுதிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் இடத்தில் ஏகாம்பரம் மைப்பெட்டியில் புரண்டு எழுந்து காகிதத்தின் மேல் ஒருமுறை ஊர்ந்தது. கை இல்லாத பணியாளர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் அங்கே இருந்தது. மாசச் சம்பளமும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

தேர்வுக் குழு பதினெட்டாம் நாள் கூடியது. தலைமை, ஆராய்ச்சி டீன் தணிகாசலம் என்ற காட்டெருமை. நீரியல் நிபுணராகத் தவசிமுத்து என்ற கொக்கை அழைத்திருந்தார்கள். தலைப்பிரட்டைகள் விஷயத்தில் அதற்கு நீண்ட கள அனுபவம் உண்டு. மண்ணியல் நிபுணர் ஒரு பெருச்சாளி, நுண்கலை நிபுணர் ஒரு குயில். துறைத் தலைவர்கள் சார்பில் கற்கடேசன் நண்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

திட்டத்தின் மண்ணியல் பகுதியும் நாட்டியப் பகுதியும் அபாரம், நீரியல் பகுதி மட்டும் மிகவும் பலவீனம் என்று கொக்கு சொன்னது. நீரியலும் நாட்டியமும் அபாரம், மண்ணியல்தான் சொதப்பல் என்றது பெருச்சாளி. குயிலுக்கு நாட்டியத்தைத் தவிர எல்லாம் பிடித்திருந்தது. அந்தக் குழுவில் இது வழக்கம்தான். தனக்குத் தெரிந்த பகுதியில் குறை கண்டுபிடிக்கவும் தெரியாத பகுதியைப் பாராட்டவும்தான் நிபுணர்களுக்குப் பயணப்படி கொடுக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மூன்று பகுதியும் பலவீனம் என்று தேறியது.

நண்டு கடைசியாகப் பேசியது. தன் வளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “விடை இப்பவே தெரிஞ்சுபோச்சேம்மா,” என்று எதிரே நின்ற குமுதவல்லியிடம் வருத்தத்தோடு சொன்னது. “அதுக்கு மேல என்னத்த ஆராய்ச்சி பண்ணுவீங்க? இளைய தலைமுறை இன்னும் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்.”

குளம் வற்றிக்கொண்டிருக்கிறது, என் பிள்ளைகள் அதில் இருக்கின்றன என்று குமுதவல்லி சொன்னது. டீன் அதைக் குறித்துக்கொண்டு, ‘தனிப்பட்ட ஆர்வம் உள்ளவர்’ என்று எழுதி விண்ணப்பத்தை நிராகரித்தது.

வெளியே வந்த குமுதவல்லி நேராகக் குளத்துக்குப் போனது. கொக்கின் முட்டி அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. குழுக் கூட்டத்துக்குப் பிறகான விருந்தில் கற்கடேசன் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஏகாம்பரம் இடத்தைக் காட்டிக்கொடுக்க, குமுதவல்லி தன் வாழ்நாளில் முதல்முறையாக எல்லை தாண்டிக் கரை மண்ணில் கை வைத்தது. இரண்டு பிடி களிமண்ணை எடுத்து வளை வாயில் வைத்து, மேலே ஏறி நின்று மிதித்தது. மறுநாள் அளவுகோலில் தண்ணீர் அதே இடத்தில் இருந்தது. அதற்கு மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. குமுதவல்லி கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதது.

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். இது பல்கலைக்கழகம் என்பதால் முடியவில்லை.

இருபத்தோராம் நாள் டீன் கூப்பிட்டனுப்பியது. நல்ல செய்தி என்றது. பல்துறை விதைநிதி முழுவதும் ஒரே திட்டத்துக்குக் கிடைத்திருக்கிறது. தலைப்பு, ‘நீர், நிலம், நாட்டியம்: கரைத் துளைகளைப் பற்றிய ஒரு பல்துறை நோக்கு’. முதன்மை ஆய்வாளர், பேராசிரியர் கற்கடேசன். மயில் சிகாமணி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்கு எந்தத் துளையானாலும் ஒரே ஆட்டம்தான். அண்மையில் ஒரு துளை அடைபட்டதால் குளத்தில் தண்ணீர் இறங்குவது அடியோடு நின்றுவிட்டது, இது கவலைக்குரியது என்று நண்டு எழுதியிருந்தது. ஆகவே சம இடைவெளியில் ஏழு புதிய துளைகள் போட்டு, குளம் எத்தனை நாளில் வற்றுகிறது என்று பார்ப்பார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் நிபுணர்கள் மிகவும் பாராட்டியிருந்தார்கள்.

“மூணாவது துறைக்கு நீங்கதான்மா,” என்றது டீன். “இணை ஆய்வாளர். இங்க ஒரு கையெழுத்து.”

குமுதவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டது. பிள்ளைகளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் வேண்டும். ஏழு துளை போட்டால் இரண்டு நாள் தாங்காது. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. ஒன்றும் ஆகாது, நீரியல் சார்பில் தவசிமுத்து கொக்கைப் போட்டுக்கொள்வோம், அவர் காலையிலிருந்து வெளியேதான் நிற்கிறார் என்று டீன் சொன்னது. குமுதவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அவசரம் எதுவும் அதன் முகத்தில் தெரியவில்லை.

கத்தலாமா, காலில் விழலாமா என்று ஒரு கணம் தவித்தது குமுதவல்லி. அப்புறம் என்ன தோன்றியதோ, கையெழுத்தைப் போட்டுவிட்டு, கோப்பை இழுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தது.

“துளையோட அகலம் மூணுன்னு போட்டிருக்கு சார். மூணு சாணா, மூணு விரற்கடையா?”

டீன் கோபித்துக்கொள்ளும் என்று குமுதவல்லி பயந்துகொண்டுதான் கேட்டது. டீனோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தது. நல்ல கேள்வி என்றது. கோப்பை விளக்கம் கேட்டுக் கட்டடவியல் துறைக்கு அனுப்பியது. அது மாசிலாமணியின் மேஜை வழியாகப் போய், நண்டின் மேஜையில் உட்கார்ந்து, மறுபடியும் மாசிலாமணி வழியாகத் திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் குளத்துத் தண்ணீர் அசையாமல் இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னங்கால் நுனி தெரிந்தது.

குமுதவல்லி பதினோரு வருஷமாகக் கோப்புகளுக்குப் பின்னால் ஓடிய தவளை. கோப்பு நின்றால் என்ன நன்மை என்று அதற்கு இதுவரை தெரியாது. தெரிந்த பிறகு அது வேறு ஆளாகிவிட்டது. நிதானமாகவும் மரியாதையாகவும் பக்கத்துக்கு ஒரு கொக்கி போட்டது.

இரண்டாவது கொக்கிதான் பெரியது. ஆய்வால் பாதிக்கப்படும் உயிர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் கோப்பில் இல்லையே என்று கேட்டது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு அறநெறிக் குழு என்று ஒன்று ஏட்டளவில் உண்டு. அது கூடியதாக யாருக்கும் நினைவில்லை. மூன்று நாள் தேடி உறுப்பினர்களைக் கண்டுபிடித்துக் கூட்டினார்கள். குளத்தில் வசிக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. எல்லாருக்கும் சேர்த்துத் தாயே போடலாமா என்றார்கள். தாயே இணை ஆய்வாளராக இருப்பதால் அது செல்லாது என்று குமுதவல்லியே எடுத்துக் காட்டியது.

“அதுங்களுக்குத்தான் கையே இல்லையே,” என்றது நண்டு.

“இன்னும் முளைக்கல சார். முளைக்கும்.”

நண்டு லேசுப்பட்ட ஆள் இல்லை. மண்ணியல் துறையில் உடம்பால் பதிவு வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுபோலத் தலைப்பிரட்டைகள் வாலால் வைக்கட்டும் என்றது. குழுவில் பாதிப் பேர் சரி என்றுவிட்டார்கள். சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டுவிட்டால் நல்லது, நாளைக்கு யாரும் வழக்குப் போடக் கூடாது பாருங்கள் என்று மட்டும் குமுதவல்லி சொன்னது. வழக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் டீன் உடனே கோப்பைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியது.

சட்ட ஆலோசகர் ஓர் உடும்பு. எதையும் பிடித்தால் விடாது. ஒன்பது நாள் யோசித்து நான்கு பக்கத்தில் கருத்து எழுதியது. வால் என்பது தற்காலிக உறுப்பு. பிற்பாடு அது மறைந்துவிட்டால், பதிவு என்னுடையது இல்லை என்று சம்பந்தப்பட்டவர் மறுக்க இடம் உண்டு. ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்தில் இனிமேல் கையால் இட்டதே கையொப்பம். வால், வயிறு, உடம்பு முதலான எந்த உறுப்பின் பதிவும் செல்லாது.

குமுதவல்லி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏகாம்பரத்திடம் காட்டியது. ஏகாம்பரம் இரண்டு முறை படித்தது. ரொம்ப சந்தோஷம் மேடம் என்றது. அந்த மாசத்திலிருந்து ஏகாம்பரத்தின் வருகைப் பதிவு செல்லவில்லை, சம்பளமும் வரவில்லை. பிள்ளைகள் தவிக்கும் நேரத்தில் இதையெல்லாம் போய்ச் சொல்வானேன் என்று அது வாய் திறக்கவில்லை.

ஆணை தட்டச்சாகிக் கையில் வர இன்னும் இரண்டு நாள். அதோடு நாற்பதாம் நாள் வந்துவிட்டது. விடிந்ததும் குமுதவல்லி குளத்தைப் பார்த்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கை முளைத்திருந்தது.

கரையில் மேஜை போட்டு மாசிலாமணி படிவங்களோடு உட்கார்ந்தது. பிள்ளைகள் வரிசையில் ஏறி வந்தன. ஒவ்வொன்றும் கையெழுத்துப் போட்டது, ஓணான் தலையை ஆட்டியது, பிள்ளை மேஜைக்கு அந்தப் பக்கம் குதித்துப் புதருக்குள் போய்விட்டது. கடைசிப் பிள்ளை தன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. குமுதவல்லி அதன் முதுகில் கை வைத்து, பரவாயில்லை போ என்றது. மத்தியானத்துக்குள் குளத்தில் ஒரு பிள்ளை இல்லை. அவ்வளவு சந்தோஷம் குமுதவல்லிக்கு அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை.

சாயங்காலம் ரிப்பன் வெட்டி ஏழு துளைகளையும் திறந்தார்கள். மயில் ஆடியது. சிறப்பு விருந்தினராக வந்த கொக்கு குளத்துக்குள் இறங்கி அப்படியும் இப்படியும் நடந்துவிட்டு, எதிர்பார்த்த முடிவுகள் கிட்டவில்லை என்று அறிக்கையில் எழுதியது. இரண்டாம் நாள் குளம் வற்றியது. ஆய்வு வெற்றி என்று டீன் அறிவித்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஒப்புதல் படிவங்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. பல்கலைக்கழக வரலாற்றில் இப்படி ஒரு கோப்பை யாரும் பார்த்ததில்லை. டீன் நெகிழ்ந்துபோய்க் குமுதவல்லியை அறநெறிக் குழுவின் தலைவராக நியமித்தது. தனி அறை, தனி மேஜை, இழுப்பறை நிறையப் படிவங்கள். குமுதவல்லி பதவிக்காக ஆசைப்பட்டு அதை ஏற்கவில்லை. தன் பிள்ளைகளைக் காப்பாற்றிய காரியத்தை ஊருக்கெல்லாம் செய்ய வேண்டும் என்று மனதாரத்தான் ஏற்றது.

பொறுப்பேற்ற அன்றே, முதல் ஆளாக ஏகாம்பரம் வந்தது. உடம்பெல்லாம் சேறு. நடு அறைக்கு வரவே அதற்கு மூச்சு வாங்கியது.

“ஏழு துளைத் தண்ணியும் புல்வெளியில வந்து நிக்குது மேடம். வீட்டுக்குள்ள இருக்க முடியல. எங்க ஜனம் மொத்தமும் மேல வந்துடுச்சு.” சேற்றை உதறிக்கொண்டது. “கொக்கு சார் இப்ப அங்கதான் நிக்கறார்.”

குமுதவல்லி பதறி எழுந்துவிட்டது.

“தண்ணி வடிய ஒரு வாய்க்கால் வெட்டணும். ரெண்டு முழம் போதும். நானே வெட்டிடுவேன். ஆய்வுக் களத்துல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு காவல் போட்டிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க.”

“சார், நீங்க கவலையே படாதீங்க,” என்றது குமுதவல்லி. அதன் கண் கலங்கியிருந்தது. “உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? வெறும் வார்த்தை எல்லாம் இங்க நிக்காது. நாளைக்கே யாராவது மாத்திடுவாங்க. பக்காவா செஞ்சுடலாம்.” இழுப்பறையைத் திறந்தது. “உங்க ஜனம் எத்தனை பேர்?”

“காலையில முன்னூறு பேர் இருந்தோம் மேடம்.”

குமுதவல்லி முன்னூறு ஒப்புதல் படிவங்களை எண்ணியது. எழுதும்போது தப்பாகிவிட்டால் இருக்கட்டும் என்று பத்துப் படிவம் கூடவே வைத்தது. சணல் கயிற்றால் கட்டி ஏகாம்பரத்தின் முதுகில் தானே ஏற்றிவிட்டது.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் சட்டப்படி ஒருத்தரும் அவங்களைத் தொட முடியாது சார். கொக்கு சார் உட்பட. என் பிள்ளைங்க இதுலதான் பிழைச்சுது.”

ஏகாம்பரம் அதன் முகத்தைப் பார்த்தது. அதில் இருந்த அன்பு நிஜமான அன்பு. அதனால், சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு புல்வெளியைப் பார்த்து ஊர்ந்து போனது.

நீதி: ஆபத்து வருவதற்கு முன்பே கை முளைக்கவைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.